உழைப்பும் பயிற்சியும்: மலையகப் பெண்ணுடலின் நூறு ஆண்டுகள்

பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கும் மேலே இருக்கிறது. 1893இல் நானுஓயாவிலிருந்து ஹப்புத்தளைக்குப் பாதை போட்டபோது இந்த உச்சியைக் கடந்துதான் ரயில் போக வேண்டியிருந்தது. பாடசாலைச் சுற்றுலாவில் நாம் அங்கே இறங்கி, ஹோர்ட்டன் சமவெளிப் பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறியது பலருக்கு ஞாபகம் இருக்கும். இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு எங்கள் வகுப்புத் தோழிகள் எட்டுப் பேர் அதே நிலையத்தில் மறுபடியும் இறங்கினோம். இந்த முறை பாட்டு இல்லை. ஏற்றம் தொடங்கிக் கால் மணித்தியாலத்துக்குள் மூன்று பேர் மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பார்சலைப் பிரித்தபோது கைப்பைகளிலிருந்து மாத்திரைகளும் வெளியே வந்தன. பிரஷருக்கு, சீனிக்கு, கொலஸ்ட்ரோலுக்கு. எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு ஏதோ ஒன்று. எல்லோருக்கும் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயதுதான். மற்றவர்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் எங்கள் கைப்பையிலும் ஒரு அட்டை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூச்சு வாங்கியதற்கு உயரம் ஒரு காரணம். பட்டிப்பொலவில் காற்றின் அமுக்கம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் குறைவு. ஆனால் மாத்திரைகளுக்கு உயரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று ஒரு தோழி கேட்டாள்: "நம்ம அம்மாவுங்க எல்லாம் இந்த வயசுல முப்பது றாத்தல் கொழுந்தோட மலை ஏறி எறங்குனாங்களே. நமக்கு மட்டும் என்ன வந்திச்சி?"

அதற்கு எல்லோரும் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். அவர்கள் உழைத்தார்கள், நாம் கதிரையில் உட்கார்ந்துவிட்டோம். இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தேடிப் போனதன் விளைவே இந்தக் கட்டுரை.

நம்முடைய கதை நடையில்தான் தொடங்குகிறது. 1823 முதல் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் ஏராளம். 2023இல், இருநூறு ஆண்டுகள் நிறைந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் ஒரு நினைவு நடைபயணம் போனார்கள். ஜூலை கடைசியில் புறப்பட்டு ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார்கள். நம் பழைய மாணவிகளில் சிலர் அதில் சில மைல்களாவது நடந்திருப்பீர்கள். தண்ணீரும் சாப்பாடும் முதலுதவியும் கூடவே வந்த இந்த நடைக்கும் அந்த நடைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று கால் வலித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கோப்பி பருவகாலப் பயிர். அதற்கு ஆண்களே பெரும்பாலும் வந்து போனார்கள். 1860களின் கடைசியில் இலைநோய் வந்து கோப்பி அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தபோதுதான் நிலைமை மாறியது. தேயிலை வருடம் முழுவதும் கொழுந்து விடும். வருடம் முழுவதும் கை வேண்டும். பெண்கள் குடும்பத்தோடு லயங்களில் நிலையாகக் குடியேறினார்கள். காலையில் பிரட்டு, பிறகு மலை, நிறை போட மடுவம், மறுபடி மலை. நெற்றியில் கயிற்றை மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டுச் சரிவில் ஏறி இறங்குவது. இன்று பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ அளவில் கேட்கிறார்கள். குறைந்தால் அரைப்பேர்.

எண்ணிப் பார்த்தால் இதில் எல்லாம் இருக்கிறது: ஏற்றம், பாரம், பல மணித்தியாலம் நிற்பது. இன்றைய ஜிம்மில் பணம் கட்டிச் செய்வதை அவர்கள் சும்மாவே செய்தார்கள் என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு. கைதட்டலும் கிடைக்கும். ஒரு காலத்தில் நாங்களும் அப்படிப் பேசியிருக்கிறோம். அதைத் திருத்தியவர் ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா. பட்டிப்பொலவில் நாங்கள் மூச்சு வாங்கி உட்கார்வதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு கிளினிக்கில் அவருக்குச் சீனி நோய் என்று கண்டுபிடித்து, வழக்கமான துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, தினமும் அரை மணித்தியாலம் வேகமாக நடக்கச் சொன்னோம். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"டொக்டரம்மா, நான் காலயில ஏழு மணிக்கு மலைக்குப் போனா அந்திக்குத்தான் எறங்குறேன். இன்னும் எங்க நடக்கச் சொல்றீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பிரசுரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. நாள் முழுவதும் மலையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஏன் சீனி வந்தது என்ற கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது.

நம் சங்கம் தொடங்கிய காலத்துக்கு ஒருமுறை போய் வருவோம். 1927இல் தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு இன்னும் குறைவு என்று சட்டமே மூன்று விதமாகப் பிரித்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1916 முதல், அமெரிக்காவின் றொக்கபெல்லர் நிறுவனத்தார் இங்கே தோட்டம் தோட்டமாகக் கொளுக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்து வந்தார்கள். வெறுங்காலில் ஈர மண்ணில் நிற்பவர்களின் பாதம் வழியாக நுழைந்து, குடலில் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு அது. வந்தவர்கள் சும்மா தர்மத்துக்கு வரவில்லை. இரத்தமில்லாத தொழிலாளியால் வேலை செய்ய முடியாது என்ற கணக்கும் அதில் இருந்தது. நம் பாட்டிமார் கூடையோடு ஏறியது இந்த இரத்தத்தோடுதான். இரத்தச் சோகையோடு பாரம் தூக்குபவருக்குத் தசை வளர்வதில்லை. இதயம்தான் களைக்கிறது.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் பெண்களின் ஓட்டத்தைப் பற்றி ஒரு பெரிய கவலை நடந்துகொண்டிருந்தது. 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். 1960 வரை, முப்பத்திரண்டு வருடங்கள், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அதைவிட நீண்ட ஓட்டமும் கிடையாது, அதுவும் கிடையாது. நீண்ட தூரம் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று படித்தவர்களே நம்பினார்கள். 1967இல் பொஸ்டன் மரதனில் காத்ரின் ஸ்விற்சர் ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் அதிகாரி அவரைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்ததும் இந்த மனப்பான்மையில்தான். அவர் ஓடி முடித்தார்.

நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு. "வயசுக்கு வந்த புள்ள குதிச்சு ஓடக் கூடாது" என்பதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் யார்? எங்கள் அம்மாமார் படித்த காலத்து விளையாட்டுப் போட்டிகளில் பெரிய பிள்ளைகளுக்குத் தேசிக்காய்க் கரண்டியும் சாக்கோட்டமும்தான் பிரதானம். இதில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. பிள்ளை பெற்ற உடம்பு ஆறுவதற்கு முன்னே பாரம் சுமப்பதும், அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவதும்தான் கர்ப்பப்பை இறங்குவதற்கு உண்மையான காரணங்கள். பச்சை உடம்போடு மலைக்குத் திரும்பிய பெண்களின் கர்ப்பப்பையைப் பற்றி யாரும் பத்திரிகையில் எழுதவில்லை.

1973, 74ஆம் வருடங்களைப் பற்றித் தோட்டத்தில் வயதானவர்களிடம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். மாவும் அரிசியும் தட்டுப்பாடு, கூப்பன் வெட்டு, தோட்டங்கள் கைமாறிய குழப்பம். பசியால் மரணங்கள் பெருகின. நம்மில் இன்று ஐம்பதைத் தாண்டிய அக்காமார் பலர் அந்தக் காலத்தில் வயிற்றில் இருந்தவர்கள் அல்லது கைக்குழந்தைகள். எங்கள் வகுப்பினர் அதற்குச் சில வருடங்கள் பிந்தியவர்கள். ஆனால் எங்கள் தாய்மார் அந்தப் பசியில் வளர்ந்த சிறுமிகள்.

இது ஏன் முக்கியம்? 1989இல் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர், ஹேர்ட்ஃபர்ட்ஷயர் பகுதியில் பழைய மருத்துவிச்சிமாரின் பதிவேடுகளைத் தோண்டி எடுத்து ஒரு விஷயத்தைக் காட்டினார். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் நிறை குறைவாக இருந்தவர்கள் பிற்காலத்தில் மாரடைப்பால் அதிகம் இறந்திருந்தார்கள். பின்பு புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கும் அவரது குழுவினரும் அங்குள்ள கிராமத்துக் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தையின் சராசரி நிறை 2.7 கிலோ, அங்குள்ள குழந்தைக்கு 3.5 கிலோ. குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளும். தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. பட்டினிக்குத் தயாராகப் பிறக்கும் உடம்பு அது. பட்டினி வந்தால் சமாளிக்கும். பாணும் சீனித் தேநீரும் ரோல்ஸும் கதிரையும் வந்தால் வயிற்றில் சேமிக்கத் தொடங்கும்.

நமக்கு வந்தது அதுதான். தாயின் பசியை உடம்பில் வாங்கிக்கொண்டு, பாடசாலையின் புண்ணியத்தில் படித்து, ஆசிரியராகவும் தாதியாகவும் வங்கி எழுதுவினைஞராகவும் கொழும்பிலும் ஸ்கார்பரோவிலும் உட்கார்ந்தோம். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2004இல் ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டி 23இலிருந்தே கவனம் தேவை என்று ஓர் எச்சரிக்கை எல்லையைக் குறித்தது. தெற்காசியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்று 80 சென்றிமீற்றரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கான அட்டவணையைப் பார்த்து "எனக்கு நிறை சரிதான்" என்று இருந்தவர்கள் எங்கள் எட்டுப் பேரிலேயே மூன்று பேர். மலையில் நிற்கும் அந்த அம்மாவின் சீனிக்கும் ஒரு பகுதி விளக்கம் இங்கே கிடைக்கிறது. ரொட்டியும் சீனித் தேநீரும் அவருக்கும் உண்டு. பசியின் காலம் முடிந்துவிட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2016இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம்.

இனி உழைப்புக்கு வருவோம். உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் கணக்காகக் காட்டியவர் லண்டன் மருத்துவர் ஜெரி மொறிஸ். 1953இல் வெளிவந்த அவரது ஆய்வில், இரட்டைத்தட்டு பஸ்களின் சாரதிகளை விடக் கொண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. சாரதி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கொண்டக்டர் மேலும் கீழும் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். கொழும்பில் ஒரு காலத்தில் ஓடிய பழைய லண்டன் பஸ்களில் ஏறியவர்களுக்கு அந்தப் படி எப்படி இருக்கும் என்று தெரியும். மொறிஸின் குழு பின்பு சீருடைக் கணக்கையும் எடுத்துப் பார்த்தது. ஒரே வயதில் சாரதிகளின் காற்சட்டை இடுப்பு கொண்டக்டர்களுடையதை விடப் பெரிது. வேலை அவர்களைப் பருமனாக்கியதா, பருமனானவர்கள்தான் உட்காரும் வேலையைத் தேர்ந்தார்களா என்ற சந்தேகத்தையும் இந்தக் கணக்கு எழுப்பியது. மொறிஸ் தன் முடிவைத் தானே நம்பி, ஓடுவதை வேடிக்கையாகப் பார்த்த காலத்திலேயே பூங்காவில் ஓடினார். 99 வயது வரை இருந்தார்.

அப்படியானால் கொழுந்து பறிப்பவர்தான் உலகத்திலேயே ஆரோக்கியமானவராக இருக்க வேண்டும். டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஓய்வு நேரத்தில் உடலை வருத்துபவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்தன. வேலையில் உடலை வருத்துபவர்களுக்கு அவை கூடின. வறுமையின் பங்கைக் கணக்கிலிருந்து முற்றாகப் பிரிப்பது கடினம்தான். ஆனாலும் மலைக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. ஓடுபவர் முப்பது நிமிடம் இதயத்தை வேகமாக அடிக்க விட்டு, பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்து, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார். கொழுந்து பறிப்பவர் ஒன்பது மணித்தியாலம் குனிந்து, நின்று, மழையில் நனைந்து, இதயத்தை ஒருபோதும் முழு வேகத்துக்கும் விடாமல், ஒருபோதும் ஓய்வுக்கும் விடாமல் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் விறகும் தண்ணீரும் அடுப்பும். லண்டன் கொண்டக்டருக்கு ஷிப்ட் முடிந்தால் முடிந்ததுதான்.

ஆகவே நம் அம்மாமார் செய்தது பயிற்சி அல்ல. அந்தக் கூடையை நாம் மறுபடி சுமந்தால் குணமாகும் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதையும் அல்ல.

பாரத்தைப் பயிற்சியாக மாற்றியது யார் என்று பார்த்தால், அது அவ்வளவு பழைய கதை இல்லை. பாரம் தூக்கிப் பலம் காட்டுவது நம் ஊர் வழக்கத்தில் எப்போதும் உண்டு. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் இன்னும் கிடக்கிறது. கல்யாணத்துக்கு நிற்கும் இளைஞன் அதைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். இப்போது திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் நாட்களில் பெண்களும் தூக்குகிறார்கள். ஆனால் அது பலத்தைச் சோதிக்கும் கல். பலத்தை வளர்க்கும் முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் உடைந்து வந்த சிப்பாய்களுக்குச் சிக்காகோ ஆஸ்பத்திரியில் லேசான பயிற்சி கொடுத்து மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். டிலோர்ம் கனமான இரும்பைக் காலில் கட்டித் தூக்கச் செய்தார். பத்துத் தடவை தூக்க முடிகிற அளவு பாரம். அது லேசானதும் கொஞ்சம் கூட்டுவது. 1945இல் இதை எழுதினார். இன்று வரை உலகத்தில் எந்த ஜிம்மிலும் செய்வது அடிப்படையில் இதுதான். மடுவத்துத் தராசில் பாரத்தைக் கூட்டுவது கணக்கப்பிள்ளை. இங்கே கூட்டுவது தூக்குபவரின் தசை. தசை தயாராகவில்லை என்றால் கூட்டுவதில்லை.

1990இல் பொஸ்டனில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடியுமென்றால் நாற்பத்து மூன்றில் முடியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

1984ஆம் வருடத்தையும் சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு மரதன் வைத்தார்கள். அமெரிக்காவின் ஜோன் பெனோய்ட் வென்றார். சில நாட்களில் பி.டி. உஷா 400 மீற்றர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கால் வெண்கலத்தை இழந்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகள்தான். ஆனால் பெண்ணின் உடம்பால் இவ்வளவுதான் முடியும், ஆகவே இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற பழைய கணக்கு இரண்டு இடத்திலும் ஒரே வருடத்தில் தோற்றது.

எங்கள் வகுப்பினருக்கு 2000 செப்டெம்பர் இன்னும் நெருக்கம். 28ஆம் திகதி சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாவதாக வந்தார். 1948இல் டங்கன் வைற்றுக்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்தால் பறிபோன பிறகு, 2009இல் அது வெள்ளியாக உயர்ந்தது. அதே சிட்னியில், அதே மாதத்தில், பெண்களுக்குப் பாரம் தூக்குதல் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோப் பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். நாங்கள் அப்போது வளர்ந்த பிள்ளைகள். கைதட்டினோம். நாமும் ஓடலாம், தூக்கலாம் என்று அப்போது ஒருத்திக்கும் தோன்றவில்லை. அது பதக்கக்காரர்களின் வேலை என்று நினைத்தோம்.

சாதாரண மனிதர் ஓடலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியவர் நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட். 1960களின் தொடக்கத்தில் ஒக்லண்டில் நடுத்தர வயதினரை, மாரடைப்பு வந்தவர்களைக்கூட, மெதுவாக ஓட வைத்தார். அதைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கப் பயிற்றுநர் பில் போவர்மன் ஓர் இதய வைத்தியரோடு சேர்ந்து 1967இல் அதைப் புத்தகமாக எழுதினார். அவர்களுடைய விதி எளிமையானது. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பட்டிப்பொலவுக்குப் பிறகு நாங்கள் தொடங்கியது இந்த விதியை வைத்துத்தான். பேசுவதற்கு நமக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இருபது நிமிடத்துக்கு, கிழமைக்கு மூன்று நாள். முதல் மாதம் அதற்கே நாக்குத் தள்ளியது. மூன்றாம் மாதம் நடை குறைந்து ஓட்டம் கூடியது. மற்ற இரண்டு நாட்களில் பாரம். ஜிம் இருப்பவர்கள் ஜிம்முக்குப் போனார்கள். இல்லாதவர்கள் ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக் கதிரையில் உட்கார்ந்து எழுந்தார்கள், சுவரில் கையூன்றித் தண்டால் எடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. இரண்டாவது பாதியை நாங்களே எங்கள் நோயாளிகளுக்கு எவ்வளவு காலம் சொல்லாமல் விட்டோம் என்று நினைத்தால் சங்கடம். சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பகுதி போய்ச் சேர வேண்டிய இடம் தசை. தசை குறைவாகவே பிறந்த நமக்கு அந்த இடம் சிறிது. நாற்பதுக்குப் பிறகு அது இன்னும் சுருங்கும். வெறுமனே பட்டினி கிடந்து நிறையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். நம் பரம்பரைக்கு மறுபடியும் ஒரு பட்டினி தேவையில்லை.

நிறை குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒருத்திக்குப் பதினான்கு மாதத்தில் பதினொரு கிலோ. அவள் சீனித் தேநீரையும் இரவுப் பாணையும் விட்டவள். ஓட்டம் மட்டும் அவ்வளவு குறைக்காது. அரை மணித்தியாலம் ஓடிச் செலவழிப்பதை இரண்டு ரோல்ஸ் திருப்பிக் கொடுத்துவிடும். இன்னொருத்திக்கு இரண்டு கிலோதான் குறைந்தது. அழுதுவிட்டாள். ஆனால் அவளது இடுப்பு ஒன்பது சென்றிமீற்றர் குறைந்திருந்தது, மூன்று மாதச் சராசரிச் சீனியும் இறங்கியிருந்தது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை அவளுக்குச் சொன்னோம். சீனி நோயின் விளிம்பில் இருந்த 531 பேரில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் நிறையில் சொல்லும்படி மாற்றம் இல்லை. தராசை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் எல்லோரும் தோற்றவர்கள்.

எல்லோருக்கும் சரிவந்துவிடவில்லை. ஒருத்திக்கு நாய்கள் துரத்தின. ஒருத்திக்கு மாமியாரின் வாய். இரண்டு பேர் விட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தி மறுபடி தொடங்கியிருக்கிறாள். வாசிக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் வைத்தியராக ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சில் இறுக்கம், நடக்கும்போது மயக்கம், கட்டுப்படாத பிரஷர், சீனிக்கு ஊசி போடுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் உங்கள் வைத்தியரைப் பாருங்கள். வழக்கத்துக்கு மீறிக் களைத்தால் இரத்தத்தில் இரும்பையும் தைரொயிட்டையும் சோதித்துப் பாருங்கள். பாட்டிமாரின் இரத்தச் சோகை நம்மிடமும் இருக்கிறது.

அந்தக் கொழுந்து பறிக்கும் அம்மா இன்னமும் கிளினிக்குக்கு வருகிறார். இப்போது நாங்கள் அவரை நடக்கச் சொல்வதில்லை. சீனி போடாத தேநீர், ரொட்டியோடு பருப்போ முட்டையோ, மாத்திரை தவறாமல். முதுகு வலிக்குச் சுவரோரம் நின்று செய்யும் இரண்டு பயிற்சிகள். அந்திக்குக் காலை நீட்டி உட்கார ஒரு அரை மணித்தியாலம் கிடைக்குமா என்று கேட்கிறோம். "அத மட்டும் எழுதிக் குடுங்க டொக்டரம்மா, வீட்டுல காட்டணும்" என்றார் போன முறை. எழுதிக் கொடுத்தோம்.

நூற்றாண்டு விழா முடிந்த அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு, எங்கள் வகுப்பு மறுபடியும் பட்டிப்பொல நிலையத்தில் கூடுகிறது. முதல் மதகு வரை ஓட்டமும் நடையும், அங்கிருந்து முடிந்தவர்கள் மேலே. எந்த வகுப்பினரும் வரலாம். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து உயரத்துக்குப் பழகிக்கொள்ளுங்கள். காலையில் குளிர் கடுமையாக இருக்கும், ஜெர்சி கொண்டு வாருங்கள். தேநீர் தரப்படும், சீனி தனியாக வைத்திருப்போம்.